மிரர் முதல்ல பாக்கலாமா, வேற ஏதாவது பாத்துட்டு போகலாமா? ஞாபகத்தப் பத்தின படங்கள், ஒரு ஒப்பீடு

தருமபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் டீ குடிக்கிறப்பவும் சரி, ஓசூர் கம்பெனில ஷிப்ட் முடிச்சுட்டு வர்ற தம்பிங்க போன் பண்றப்பவும் சரி, கொஞ்ச நாளா ஒரே கேள்விதான் சுத்திச் சுத்தி வருது. "ணா, அந்த ரஷ்ய டைரக்டர் தார்க்கோவ்ஸ்கியோட மிரர் படம் டவுன்லோட் பண்ணி வெச்சிருக்கேன், நேரா அதுல இறங்கிடலாமா, இல்ல வேற ஏதாவது ஒண்ணு பாத்துட்டு அப்புறம் போகலாமா?" கேக்குறவங்கள்ல பாதிப்பேரு ஏற்கெனவே ஒரு தடவ முயற்சி பண்ணி இருபதாவது நிமிஷத்துல தூங்கிட்டவங்க, மீதிப்பேரு தூங்கிடுவோம்னு பயந்து ஹார்ட் டிஸ்க்குலயே அத வெச்சுப் பூஜை பண்ணிக்கிட்டு இருக்கிறவங்க.

சின்ன வயசு, ஞாபகம், அம்மா அப்பா, பழைய வீடு, இத எல்லாம் வரிசையா கதையா சொல்லாம முன்னும் பின்னுமா, ஒரு கவிதை மாதிரி சொல்ற படங்கள் உலகத்துல நெறைய இருக்கு. அதுல நாலஞ்ச மட்டும் எடுத்துக்கிட்டேன்: ஸ்வீடன் டைரக்டர் பெர்க்மனோட வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ், இங்கிலாந்துக்காரரு டெரன்ஸ் டேவிஸோட டிஸ்டன்ட் வாய்சஸ் ஸ்டில் லைவ்ஸ், அமெரிக்காக்காரரு டெரன்ஸ் மாலிக்கோட தி ட்ரீ ஆஃப் லைஃப், தார்க்கோவ்ஸ்கியோட மிரர். கடைசில இன்னொரு சோவியத் டைரக்டர் பராஜனோவ் படம் ஒண்ணு, சுருக்கமா. பதேர் பாஞ்சாலிய ஏன் சேக்கலன்னு சண்டைக்கு வராதீங்க, அது சின்ன வயசப் பத்தின படம்தான், ஆனா அது நேர்கோட்டுல போற படம், அதுக்கு யாரும் ஆலோசனை கேட்டு வர்றதில்ல.

## எத வெச்சு முடிவு பண்றது

"புரியுமா"ன்னு எல்லாரும் கேக்குறாங்க. நம்மூர்ல சாவு வீட்டுல ஒப்பாரி வைக்கிற ஆயாவ கவனிச்சிருப்பீங்க. நேத்து ஆஸ்பத்திரில கஞ்சி குடுத்தத சொல்லும், அடுத்த வரில அந்தாளு கோவணத்தோட ஆடு மேச்சத சொல்லும், அதுக்கப்புறம் கல்யாணத்துக்கு வண்டி கட்டிக்கிட்டு போனது, கடன் வாங்குனது, நடுவுல தனக்கு பொறந்து செத்துப்போன கொழந்த, எல்லாம் கலந்து வரும். சுத்தி உக்காந்திருக்கிற பொம்பளைங்கள்ல ஒருத்தராவது "ஆயா, வருஷ வாரியா சொல்லு, கொழம்புது"ன்னு கேட்டிருக்காங்களா? அழுகையோட நூலு ஒண்ணு கையில இருக்கு, அத பிடிச்சுக்கிட்டு எல்லாரும் கூடவே போயிடறாங்க. இந்தப் படங்களுக்கும் அதேதான். எந்த நூல பிடிச்சுக்கிட்டு உள்ள போறதுன்னு தெரிஞ்சா போதும். சில படம் கையிலயே குடுத்துடும், சில படம் குடுக்காது, தேடணும். அதனால முதல் அளவுகோல் பிடிமானம்.

ரெண்டாவது, சப்டைட்டில். இத யாரும் பேச மாட்டேங்குறாங்க, ஆனா நம்மள மாதிரி ஆளுங்களுக்கு இதுதான் பெரிய செலவு. எங்க செட்டுல யாருக்கும் இந்தப் படங்களுக்கு ஒழுங்கான தமிழ் சப்டைட்டில் கெடச்சதில்ல, இங்கிலீஷ்தான். ரஷ்யன்ல ஒருத்தர் கவிதை படிக்கிறாரு, கீழ இங்கிலீஷ்ல நாலு வரி ஓடுது, அத நாம மனசுல தமிழாக்கிட்டு நிமுந்து பாக்குறதுக்குள்ள மேல இருந்த ஷாட் போயிடுது. பாக்க வேண்டிய படத்த படிச்சுக்கிட்டு இருப்போம். போரடிக்குதுன்னு சொல்றதுல பாதி இந்தக் களைப்புதான்னு எனக்கு தோணுது.

மூணாவது, எதுல பாக்குறீங்க. போனா, லேப்டாப்பா, மொட்டமாடில வெள்ள வேட்டி கட்டி ப்ரொஜெக்டரா. நாலாவது, படம் உங்களுக்குள்ள எத கெளறும், அப்போ பக்கத்துல யாரு இருக்கணும். இது சும்மா செண்டிமெண்டுக்கு சொல்லல, வீட்டுல அடிதடி பாத்து வளந்தவங்களுக்கு இதுல ஒரு படம் நெஜமாவே கஷ்டம்.

| படம் | வருஷம், நீளம் | பிடிமானம் | சப்டைட்டில் சுமை | எதுல பாக்கலாம் |
|---|---|---|---|---|
| வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ் | 1957, ஒன்றரை மணி நேரம் | ஒரு கார் பயணம் | நடுத்தரம் | லேப்டாப் போதும் |
| டிஸ்டன்ட் வாய்சஸ் ஸ்டில் லைவ்ஸ் | 1988, 85 நிமிஷம் | பாட்டு | கம்மி | போன்கூட பரவால்ல, நல்ல இயர்போன் வேணும் |
| தி ட்ரீ ஆஃப் லைஃப் | 2011, 139 நிமிஷம் | அப்பா, அம்மா, பசங்க | ரொம்ப கம்மி | பெரிய திரை மட்டும் |
| மிரர் | 1975, 1 மணி 47 நிமிஷம் கிட்ட | ஒரு முகம், ஒரு வீடு | ஜாஸ்தி | இருட்டு ரூம், சைலண்ட்ல போட்ட போன் |

## வைல்ட் ஸ்ட்ராபெர்ரீஸ்: பயமா இருக்கறவங்களுக்கு

எழுபத்தெட்டு வயசு டாக்டர், ஸ்டாக்ஹோம்ல இருந்து லுண்ட் டவுனுக்கு பட்டம் வாங்க கார்ல போறாரு, கூட மருமக. வழில பழைய வீட்ட பாக்குறாரு, நெனப்பு வருது, கனவு வருது. ரோடு முன்னாடி போயிக்கிட்டே இருக்கறதால நாம தொலைய மாட்டோம், ஞாபகம் எங்க இழுத்துக்கிட்டு போனாலும் திரும்ப கார்ல கொண்டுவந்து உக்கார வெச்சிடுவாரு பெர்க்மன். இதுல அழகு என்னன்னா, சின்ன வயசு காட்சிக்குள்ள அந்தக் கெழவரே கெழவராவே போயி நின்னு பாக்குறாரு, பழம் பொறுக்கிக்கிட்டு இருக்கற அந்தப் பொண்ணுக்கு அவரு தெரியறதில்ல. நடிச்சவரு விக்டர் ஸ்யோஸ்ட்ரோம், ஊமைப்பட காலத்து பெரிய டைரக்டர், அவருக்கும் அப்போ நெஜமாவே அதே வயசுதான்.

மறைஞ்சிருக்கற செலவு: இத பாத்துட்டு "ஓ, ஞாபகப் படம்னா இவ்வளவுதானா, இது நெனப்பு, இது கனவு, இது நெசம்னு பிரிச்சு வெச்சிடலாம்"ன்னு ஒரு பழக்கம் வந்துடும். அந்தப் பழக்கத்தோட மிரருக்கு போனா அடி வாங்குவீங்க. ரிட்டயர் ஆன அப்பா, மாமனாரு கூட உக்காந்து பாக்கணும்னா இத விட நல்லது இந்த லிஸ்டுல இல்ல.

## டிஸ்டன்ட் வாய்சஸ் ஸ்டில் லைவ்ஸ்: என்னக் கேட்டா இதுல ஆரம்பிங்க

பேரு பெருசா இருக்கறதால யாரும் தொடறதில்ல, மிரர் அளவுக்கு இத பத்தி பேசறவங்களும் கம்மி. லிவர்பூல்ல ஒரு தொழிலாளி குடும்பம், 1940கள், 50கள், அப்பா, அம்மா, மூணு புள்ளைங்க. டேவிஸ் தன் சொந்தக் குடும்பத்தத்தான் எடுத்திருக்காரு. ரெண்டு பாகம், ரெண்டையும் ரெண்டு வருஷ இடைவெளில எடுத்தாங்க.

ஆரம்ப ஷாட்ட சொல்றேன். வீட்டு உள்ள மாடிப்படி, ஆளே இல்ல. அம்மா கீழ நின்னு ஒவ்வொரு புள்ளையா பேர் சொல்லி எழுப்பிட்டு போயிடறாங்க. அப்புறம் படில காலடிச் சத்தம், பேச்சு, "அப்பா எந்திரிச்சுட்டாரா" மாதிரி கிசுகிசு எல்லாம் கேக்குது, ஆனா படில ஒருத்தரும் இல்ல, வெறும் படிய பாத்துக்கிட்டே இருக்கோம். பழைய வீட்ட பூட்டிட்டு வந்தவங்களுக்கு இதுக்கு விளக்கம் சொல்லத் தேவையே இல்ல. பென்னாகரம் பக்கம் ஓட்டு வீட்ட அப்படியே போட்டுட்டு பெங்களூருல சித்தாள் வேலைக்கு போன குடும்பங்க எத்தன இருக்கு, பொங்கலுக்கு வந்து கதவ தொறந்து திண்ணைல உக்காந்தா காதுல அதேதான் கேக்கும்.

இதுல கதைய இழுத்துக்கிட்டு போறது பாட்டு. கல்யாணத்துல பாடறாங்க, சாராயக் கடைல உக்காந்து பாடறாங்க, குண்டு வீச்சுக்கு பதுங்கியிருக்கறப்பவும் பாடறாங்க, ஒருத்தர் ஆரம்பிச்சா எல்லாரும் சேந்துக்கறாங்க, காலம் எங்க தாவுனாலும் பாட்டு விடாம இழுத்துக்கிட்டு போயிடும். வசனம் கம்மி, அதனால சப்டைட்டில் தலைவலியும் கம்மி, லிவர்பூல் இங்கிலீஷ் காதுல ஏறாதுங்கறதால சப்டைட்டில் ஆன் பண்ணிக்கோங்க, அது வேற விஷயம்.

இப்போ செலவு. அப்பாவா வர்ற பீட் பாஸ்டில்த்வெய்ட் அடிக்கிற அடி சினிமா அடி இல்ல. ஒரு இடத்துல அம்மா ஜன்னல் கட்டைல வெளிப்பக்கமா உக்காந்து கண்ணாடி தொடைக்கிறாங்க, விழுந்துடாதம்மான்னு புள்ள மனசுக்குள்ள வேண்டிக்குது, ஏம்மா இந்தாள கட்டுனன்னு கேட்டதுக்கு நல்லவரா இருந்தாரு, நல்லா டான்ஸ் ஆடுவாருன்னு பதில் வருது. எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டுங்கற பாடகியோட ஒரு காதல் பாட்டு ஓடிக்கிட்டே இருக்கு, அது மேலயே அடி விழுது. அடுத்து அந்தம்மா தொடச்சுக்கிட்டு இருக்காங்க, கையெல்லாம் காயத்தோட. எங்க செட்டுல ஒருத்தன் இந்த இடத்துல எந்திரிச்சு வெளிய போயிட்டான், அவன யாரும் ஏன்னு கேக்கல. குடிச்சுட்டு வந்து அடிக்கிற அப்பா வீட்டுல வளந்தவங்க தனியா பாக்காதீங்க, ராத்திரி பதினோரு மணிக்கு பாக்காதீங்க. அதே அப்பா ஒரு கிறிஸ்துமஸ் ராத்திரி புள்ளைங்க தூங்கறப்ப பரிசு வெச்சுட்டு போறதும் இதே படத்துலதான் வருது, அத பாக்கறது இன்னும் கஷ்டம்.

யாருக்கு இது சரி: நேரம் கம்மி, பெரிய திரை இல்ல, முதல் தடவ, ஆனா லைட்டா ஏதோ பாத்துட்டு போறதுல இஷ்டமில்லாதவங்களுக்கு. 85 நிமிஷம்தான், ஓசூர் ஷிப்ட் பஸ்ல போக வர முடிச்சிடலாம், ஆனா பஸ்ல பாக்காதீங்க.

## தி ட்ரீ ஆஃப் லைஃப்: பெரிய திரை கெடச்சா மட்டும்

2011 கான் படவிழாவுல பெரிய பரிசான தங்கப்பனை வாங்குன படம், ப்ராட் பிட், ஜெசிகா சாஸ்டெய்ன், ஷான் பென்னு எல்லாம் இருக்காங்கன்னு நம்பி போயி மாட்டிக்கிட்டவங்க உலகம் பூரா இருக்காங்க. அமெரிக்காவுல கனெக்டிகட் மாநிலத்துல ஒரு தியேட்டர்காரங்க, இது வழக்கமான கதைப்படம் இல்ல, பிடிக்கலன்னா காசு திருப்பித் தர மாட்டோம்னு வாசல்ல நோட்டீசே ஒட்டுனாங்க. புள்ள செத்த தந்தி வருது, அம்மா கதறுது, அப்படியே படம் அண்டம் உருவான கதைக்கு போயிடும், கால் மணி நேரத்துக்கு மேல நட்சத்திரம், எரிமலை, கடல், டைனோசர் வரைக்கும். அந்த அண்டக் காட்சிங்கள்ல நெறைய, கலர் மருந்து, பெயிண்ட், பொகை, தண்ணி இத எல்லாம் தொட்டில ஊத்தி நெஜமாவே படம் பிடிச்சது, ஸ்பெஷல் எஃபெக்ட்ஸ் ஆளு டக்ளஸ் ட்ரம்புல்லோட கைவேலை. ஆறு இஞ்ச் போன்ல அது ஸ்கிரீன் சேவர் மாதிரிதான் தெரியும், அப்புறம் மாலிக்க திட்டிப் பிரயோஜனம் இல்ல.

ஆனா அது முடிஞ்சு 1950கள் டெக்ஸாஸ் தெருவுக்குள்ள வந்ததும் படம் நம்ம கைக்கு வந்துடும். தெருவுல டிடிடி மருந்து பொகை அடிக்கிற வண்டி வருது, பசங்க எல்லாம் கத்திக்கிட்டு அந்த வெள்ளப் பொகைக்குள்ள ஓடறாங்க. தருமபுரில முனிசிபாலிட்டி கொசு மருந்து வண்டி பின்னாடி ஓடாம வளந்தவன் எவனாவது இருக்கானா? அம்மா பின்னாலயே "வராதடா, இருமும்டா"ன்னு கத்துறது வரைக்கும் ஞாபகம் வந்துச்சு எனக்கு. கண்டிப்பான அப்பா, தோத்துப்போன அப்பா, சாப்பாட்டு மேசைல வாயத் தொறக்க பயந்த பசங்க, எல்லாம் துண்டு துண்டா வந்து விழும், வசனம் ரொம்ப இல்ல, முக்கால்வாசி முணுமுணுப்புதான்.

செலவு நேரம். 139 நிமிஷம், இது போக 188 நிமிஷத்துக்கு நீட்டுன இன்னொரு வடிவமும் 2018ல வந்துச்சு, முதல் தடவைக்கு அது வேணவே வேணாம். இன்னொண்ணு, இந்தப் படம் கடவுள்கிட்டயே பேசிக்கிட்டு இருக்கற படம், அது ஒத்துவராதவங்களுக்கு கடைசி கடற்கரை காட்சி எரிச்சலாத்தான் இருக்கும், எனக்கு இருந்துச்சு. வீட்டுல எல்லாரும் சேந்து, மொட்டமாடி, ப்ரொஜெக்டர், நல்ல ஸ்பீக்கர், கரண்ட் போகாத ராத்திரின்னு அமைஞ்சா மத்த மூணையும் தள்ளி வெச்சுட்டு இத போடலாம்.

## மிரர்: அவசரம் இல்ல, ஆனா தவிர்க்கவும் வேணாம்

தூங்குனவங்க நெறையப்பேரு தூங்குனதுக்கு காரணம் படம் ஸ்லோன்னு இல்ல, யாரு யாருன்னே தெரியாததுதான். அத முன்னாடியே சொல்லிடறேன், இதுல சஸ்பென்ஸ் எதுவும் கெட்டுப்போகாது. கதைய சொல்றவரு அலெக்ஸேய், பெரியவரான அவரு மொகத்த நாம பாக்கவே மாட்டோம், குரல் மட்டும். அவரோட அம்மா சின்ன வயசுல இருக்கறப்பவும், அவரு பிரிஞ்சு வந்த பொண்டாட்டியாவும் ஒரே நடிகைதான், மார்கரீத்தா தெரெகோவா. விடலைப்பையனா இருக்கற அலெக்ஸேயும் அவரோட பையன் இக்நாத்தும் ஒரே பையன்தான். வயசான அம்மாவா வர்றது நடிகை இல்ல, தார்க்கோவ்ஸ்கிய பெத்த அம்மா. பின்னணில கவிதை படிக்கிறது தார்க்கோவ்ஸ்கியோட அப்பா, கவிஞர் அர்செனி, தன் கவிதைய தானே படிக்கிறாரு. மூணு காலம்: ரெண்டாம் உலகப் போருக்கு முந்தி, போர் சமயம், அப்புறம் படம் எடுத்த காலம். இவ்வளவு தெரிஞ்சா போதும். ப்ளாக் அண்ட் ஒயிட்னா பழசு, கலர்னா புதுசுன்னு மட்டும் கணக்கு போடாதீங்க, அந்தக் கணக்கு பத்து நிமிஷத்துல ஒடஞ்சிடும்.

இதுல பிடிமானம் அந்தப் பொம்பள மொகம், அப்புறம் அந்த மர வீடு. தார்க்கோவ்ஸ்கி தான் வளந்த வீடு இருந்த அதே எடத்துல பழைய போட்டோவ வெச்சு வீட்ட திரும்ப கட்டுனாரு. வீட்டு முன்னாடி வயல் பூரா வெள்ளப் பூவோட பக்வீட்டுங்கற ஒரு தானியம் இருந்ததா அவருக்கு ஞாபகம். ஊர்க்காரங்க இங்க அது வெளையாது, பல வருஷமா வேறதான் போடறோம்னு சொல்லிட்டாங்க. இவங்க சொந்த ரிஸ்க்குல வெதச்சாங்க, நல்லாவே வெளஞ்சு பூத்துச்சு. ராகி காட்டுல வளந்தவன் எனக்கு இந்தப் படத்துல முதல்ல மரியாதை வந்தது இந்தத் தகவல படிச்சப்பதான், ஞாபகத்துக்காக ஒரு மனுஷன் வெள்ளாமையே வெச்சிருக்கான்யா.

அந்த வயல்ல ஒரு காட்சி. வழி தவறி வந்த டாக்டர் ஒருத்தரு அம்மா உக்காந்திருக்கற வேலில வந்து உக்கார்றாரு, வேலி ஒடஞ்சு ரெண்டுபேரும் கீழ விழறாங்க, அவரு சிரிக்கிறாரு, கெளம்பி போறாரு. போறப்ப திடீர்னு காத்து ஒண்ணு வயல் மொத்தத்தையும் அலையா அடிச்சுக்கிட்டு வருது, அவரு நின்னு திரும்பி பாக்குறாரு. அவ்வளவுதான் காட்சி. இன்னொண்ணு, இக்நாத் தனியா இருக்கற வீட்டுல ஒரு அம்மா டீ குடிச்சுக்கிட்டே அவன ரஷ்யக் கவிஞர் புஷ்கினோட கடுதாசி ஒண்ண படிக்கச் சொல்றாங்க. அவன் கதவத் தொறந்து பாத்துட்டு திரும்புனா ஆளக் காணோம், மேசை மேல சூடான கப்பு வெச்ச ஆவித் தடம் மட்டும் வட்டமா இருக்கு, அது மெதுவா நம்ம கண்ணு முன்னாடியே காஞ்சு மறையுது. எனக்கு மொத்தப் படமும் அந்த ஆவித் தடத்துல இருக்கு.

செலவுன்னு பாத்தா, ஒண்ணு சப்டைட்டில், கவிதை வர்ற நாலு எடத்துல. என் வழி என்னன்னா முதல் தடவ கவிதைய படிக்காம விட்டுடறது, அர்செனி கெழவரோட கொரல மட்டும் கேட்டுக்கிட்டு படத்த பாக்குறது, தேவப்பட்டா அப்புறம் தனியா படிச்சுக்கலாம். ரெண்டு, சரித்திரம். அச்சாபீஸ்ல ஒரு எழுத்துப் பிழை போயிடுச்சோன்னு அம்மா மழைல ஓடி வர்ற காட்சி, ஸ்டாலின் காலத்து பயம் தெரியலன்னா "இதுக்கு ஏன் இந்த ஓட்டம்"னு இருக்கும். நடுவுல வர்ற பழைய நியூஸ் ரீலும் அப்படித்தான், சிப்பாய்ங்க சேத்துல முட்டி வரைக்கும் எறங்கி பீரங்கிய இழுத்துக்கிட்டு போறது 1943ல கிரீமியா பக்கம் சிவாஷ் ஏரிய தாண்டுனது. அத எடுத்த கேமராமேன் அன்னைக்கே செத்துட்டாருன்னு தார்க்கோவ்ஸ்கி எழுதி வெச்சிருக்காரு. எடிட்டிங்லயே இருபது விதத்துக்கு மேல மாத்தி மாத்தி அடுக்கிப் பாத்து, ஒண்ணும் சேராம, படமே வராதுன்னு பயந்து கடைசில ஒரு அடுக்குல சேந்துச்சாம். எடுத்தவருக்கே அந்த கதின்னா நமக்கு முதல் தடவ கொழம்பறதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. சோவியத் அதிகாரிங்களுக்கும் பிடிக்கல, பரவலா ரிலீஸ் பண்ணாம அமுக்குனாங்க. திட்டியும் அவருக்கு கடுதாசி வந்துச்சு, என் சின்ன வயசும் இப்படித்தான் இருந்துச்சுன்னும் வந்துச்சு.

காசு செலவு இல்ல, மோஸ்ஃபிலிம் ஸ்டூடியோவே தன் யூட்யூப் சேனல்ல தார்க்கோவ்ஸ்கி படங்கள இலவசமா போட்டிருக்காங்க, உங்க போன்ல ஓடுதான்னு முன்னாடியே பாத்து வெச்சுக்கோங்க. விளக்க வீடியோவ மட்டும் படத்துக்கு முன்னாடி பாக்காதீங்க. கூட்டமா பாக்கறதுக்கும் இது ஒத்துவராது, எவனாவது ஒருத்தன் ஜோக் அடிப்பான், படம் அதோட போச்சு.

## பராஜனோவ் பக்கம் ஒரு எட்டு

மாதுளையோட நிறம் (1969), அர்மீனியக் கவிஞர் சயாத் நோவாவோட வாழ்க்கை. சப்டைட்டில் தொல்லை கிட்டத்தட்ட கெடையாது, பேச்சே ரொம்ப கம்மியான படம். நனஞ்ச புத்தகங்கள கூரை பூரா காய வெச்சிருப்பாங்க, காத்துல எல்லாப் பக்கமும் படபடன்னு பொரளும், நடுவுல அந்தப் பையன் படுத்திருப்பான். 80 நிமிஷத்துக்குள்ள முடிஞ்சிடும். ஆனா இது பராஜனோவோட சொந்த ஞாபகம் இல்ல, அதனால மத்த நாலும் நெஞ்சுல ஏத்தற பாரத்த இது ஏத்தாது, கண்ணுக்குத்தான் வேலை. ஓவியம் வரையறவங்க, போட்டோ எடுக்கறவங்க இதுலயே ஆரம்பிச்சுக்கலாம்.

## கேட்டவங்களுக்கு சொன்னது

ஓசூர் தம்பிக்கு: ரூம்ல நாலு பேரு, போன், இயர்போன். லீவு நாள் காலைல டேவிஸ் படம், நைட் ஷிப்ட் முடிச்ச அன்னைக்கு எதுவும் வேணாம், தூங்கு.

பாலக்கோட்டுல டீச்சரா இருக்கற அக்காவுக்கு, வீட்டுல பெரிய டிவி, பத்தாவது படிக்கிற பையன், பேச்சே கம்மியான அப்பா: ட்ரீ ஆஃப் லைஃப். அப்பாவ பக்கத்துல உக்கார வெச்சே போடுங்கக்கா, பாதில எந்திரிச்சு போனாலும் அந்த பொகை வண்டி வரைக்குமாவது இருக்கட்டும்.

கிருஷ்ணகிரி பக்கம் மாந்தோப்ப வெச்சு தன் பாட்டி பத்தி குறும்படம் எடுக்கப்போறேன்னு ஒரு தம்பி நிக்கறான், ட்ரோன் வேற வாடகைக்கு பேசிட்டான். அவனுக்கு மட்டும் நேரா மிரர், ரெண்டு தடவ. ட்ரோன் அட்வான்ச அதுக்கப்புறம் குடுடான்னு சொல்லியிருக்கேன்.